சாம்பார் மட்டும் வேறு ஆளிடம்

1

நேற்று பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புது வீடு குடிபோகிறார்களாம். எண்பது பேருக்கு இலைச் சாப்பாடு வேண்டுமாம். கூட்டு, பொரியல், வடை, பாயசம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். கடைசியில் குரலைத் தணித்து, "ஆன்டி, தப்பா நெனச்சுக்காதீங்க. சாம்பார் மட்டும் வேற ஆள்கிட்ட சொல்லிட்டோம். மத்ததெல்லாம் நீங்களே செஞ்சிடுங்க," என்றாள்.

"சரிம்மா," என்றேன். போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். அன்றைக்குத் தேவையே இல்லாத வெங்காயம்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நான் சைவச் சமையல்காரி. விருதுநகரில் பிறந்து, மலேசியாக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, இருபத்திரண்டு வருஷமாகக் கிள்ளானில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பண்டமாரானில் குடியிருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு மூன்று அடுப்பு வைத்திருக்கிறேன். அதில் வரும் வரும்படியில்தான் மகள் காலேஜ் போகிறாள். என்னிடம் வந்து சாம்பாரைத் தவிர மற்றதைக் கேட்பது, உன் கை போதும், முகத்தைக் காட்டாதே என்று சொல்வதற்குச் சமம்.

இந்தப் பேச்சு எந்த வாயிலிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். குணசீலன் வாயிலிருந்து. அந்த ஆள் மீது கோர்ட்டில் தீர்ப்பு வாங்கினேன். லோரி கொண்டுபோய் வீட்டுச் சாமானை ஏற்றினேன். பணத்தையும் வசூலித்தேன். இத்தனைக்கும் பிறகு என் சாம்பாரை வேண்டாம் என்கிறார்கள். வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

2

போன வருஷம் குணசீலன் தன் மகனுக்கு நிச்சயதார்த்தம் வைத்தார். சுபாங் ஜெயாவில் சொந்த வீடு. ஏதோ ஒரு சங்கத்துக்குத் தலைவர், ஆகவே எல்லாரும் தலைவர் என்றே கூப்பிடுவார்கள். முந்நூற்றிருபது பேர், தலைக்கு இருபத்திரண்டு வெள்ளி. ரிங்கிட்டை இங்கே நாங்கள் வெள்ளி என்போம். முன்பணம் இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்தார். மீதி நாலாயிரத்து ஐந்நூற்று நாற்பதைப் பந்தி முடிந்ததும் தருவதாகப் பேச்சு.

அன்று விடியுமுன் எழுந்து, ஒரு டம்ளர் மிளகுக் கஷாயம் குடித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். பத்து மணிக்கெல்லாம் எல்லாம் வேனில் ஏறிவிட்டது. ஃபெடரல் ஹைவேயில் ஏதோ விபத்து, ஒன்றரை மணி நேரம் ஜாம். வேனுக்குள் வெக்கை. மண்டபத்துக்குப் போய் சாம்பார் டிரம்மின் மூடியைத் திறந்து ஆவியை மோந்து பார்த்தேன். பெருங்காயம், முருங்கைக்காய், மல்லி எல்லாம் சரியாக இருந்தன.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் விசேஷச் சமையல் செய்கிறவர்கள் ருசி பார்க்க மாட்டார்கள். முதல் இலை சாமிக்கு. அதற்கு முன்னால் ஒரு சொட்டு நாக்கில் பட்டாலும் எச்சில்தான். உப்பு, புளி, காரம் எல்லாவற்றையும் மூக்குதான் சொல்ல வேண்டும். நானும் அப்படியே பழகியவள். பந்தியெல்லாம் முடிந்து, அண்டா கழுவுகிற நேரத்தில்தான் இலை போட்டு உட்காருவேன்.

முதல் பந்தி பாதியில் இருந்தது. சிலர் சாம்பாரைக் கேட்டு வாங்கினார்கள், சிலர் ஒதுக்கி வைத்தார்கள். எந்தப் பந்தியிலும் அப்படித்தான் இருக்கும். அப்போது தலைவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். வாடகை மிச்சம் என்று தன் வீட்டுக் காராவோக்கே செட்டையே கொண்டுவந்திருந்தார். மைக்கின் கழுத்தில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. அதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"உறவுகள் எல்லாரும் மன்னிக்கணும். சாம்பார் ஊசிப்போன மாதிரி இருக்கு. யாரும் சாப்பிட வேணாம். கேட்டரிங்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

பந்தியில் இருந்த எல்லாரும் இலையிலிருந்து கையை எடுத்தார்கள். நான் நடுவில் வாளியோடு நின்றேன். ஒரு பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். நான் பின்பக்கம் ஓடுவதற்குள் அவருடைய ஆட்கள் டிரம்மைச் சாய்த்து சாம்பாரை லோங்காங்கில், அதாவது சாக்கடையில், ஊற்றிவிட்டிருந்தார்கள். ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை.

மீதிப் பணத்தைக் கேட்டபோது சிரித்தார். "ஊசிப்போனதுக்கு யாரு சிஸ்டர் காசு குடுப்பா? டெப்போசிட்ட திருப்பிக் கேக்காம விடறேனே, அதுக்கு சந்தோஷப்படுங்க."

அந்த மாதத்தில் மூன்று ஆர்டர் கைவிட்டுப் போனது. கோவில் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் எனக்கு 'ஊசிப்போன ஆன்டி' என்று பெயர் வைத்திருப்பதாகக் காதுக்கு வந்தது. அன்றே கருவிக்கொண்டேன், இவனை விடக்கூடாது என்று. மரியாதையெல்லாம் அந்த வாட்ஸ்அப்போடு போயிற்று.

3

கணவர் மோகன் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார். சாதுவான மனுஷர். "வேணாம்லா மரகதம். அவன் பெரிய எடம். நாலாயிரத்த நம்ம வேற வேலையில சம்பாரிச்சுக்கலாம்," என்றார்.

"பணத்த சம்பாரிக்கலாம். பேர எங்க போயி சம்பாரிக்க?" என்றேன்.

மகள் தர்ஷினிக்குப் பத்தொன்பது வயது. என்னோடு தமிழ், அப்பாவோடு பாதி மலாய், சிநேகிதிகளோடு இங்கிலீஷ். தமிழ்ப் பள்ளியில் ஆறு வருஷம் படித்தவள்தான், ஆனால் இதைக் கையில் கொடுத்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் சோம்பல்படுவாள். அவளும் "மா, லெட் இட் கோ லா," என்றாள். அப்படிச் சொல்லிக்கொண்டே போனில் தேடி, ஐயாயிரம் வெள்ளிக்குள் என்றால் வக்கீல் இல்லாமல் நாமே வழக்குப் போடலாம் என்று கண்டுபிடித்ததும் அவள்தான்.

கிள்ளான் கோர்ட் கவுண்டரில் மலாய்க்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். என் மலாய், பாசாரில் மீன்காரனிடமும் காய்காரனிடமும் கற்றுக்கொண்ட மலாய். கத்திரிக்காய் எவ்வளவு, குறைத்துக் கொடு என்பது வரைக்கும் சரளமாக வரும். 'ஒருவன் முந்நூறு பேர் முன்னால் என் மானத்தை வாங்கினான்' என்பதற்கு அதில் வார்த்தை இல்லை. கையைக் காலை ஆட்டிச் சொல்லிப் பார்த்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இங்கே ஹூத்தாங் மட்டும்தான் என்றாள். கடன் மட்டும். அவதூறு என்றால் வேறு கோர்ட், வக்கீல் வைக்க வேண்டும், நிறையச் செலவாகும். தர்ஷினி பாரத்தை வாங்கி நிரப்பினாள். மூன்று வரியில் என் கதை முடிந்துவிட்டது: சாப்பாடு கொடுத்தேன், மீதி தரவில்லை, இவ்வளவு.

விசாரணைக்கு ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். மகள் மலாயில் எழுதிக் கொடுத்ததைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து, தேங்காய் துருவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அந்த ஆள் முகத்துக்கு நேராக, உனக்கு எப்படித் தெரியும், எத்தனை வாய் சாப்பிட்டாய் என்று கேட்க வேண்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும். அதற்காகவே பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன்.

அவன் வரவில்லை. பதிலும் போடவில்லை. சம்மன் அனுப்பியதற்குப் பதிவுத் தபால் அட்டையில் அவன் மனைவியின் கையெழுத்து இருந்தது. நீதிபதி சின்னப் பெண், என் மகளைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கலாம். காகிதத்தைப் புரட்டினாள், என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாள், தீர்ப்பு என் பக்கம் என்றாள். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. நான் மனப்பாடம் செய்ததில் ஒரு சொல்லைக்கூட யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோது தர்ஷினி என் தோளைத் தட்டி, "வின் பண்ணிட்ட மா," என்றாள். எனக்கு அழுகைதான் வந்தது. சாம்பாரைப் பற்றி அங்கே ஒரு பேச்சும் இல்லை.

4

தீர்ப்புக் காகிதத்தை வைத்துக்கொண்டு மூன்று மாதம் காத்திருந்தேன். போன் செய்தால் எடுக்க மாட்டான். எடுத்தால், "அடுத்த மாசம் பாக்கலாம் சிஸ்டர்." மறுபடியும் கவுண்டருக்குப் போனேன். ஜப்திக்கு மனுப் போடலாம் என்றார்கள். கோர்ட் ஆள் ஒருவர் வருவார். ஆனால் லோரியை நான்தான் கொண்டுவர வேண்டும், சாமானை வைக்க இடத்தை நான்தான் காட்ட வேண்டும், எதை எடுப்பது என்று கூடவே வந்து கையை நீட்டிச் சொல்ல வேண்டியதும் நான்தான். கடன்காரன் அவன், லோரிக்கு அழுவது நானா என்று முதலில் கோபம் வந்தது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். கையை நீட்டிக் காட்டுவது நான் என்றார்களே, அது பிடித்துப்போயிற்று.

ஜப்தி எனக்குப் புதிதல்ல. விருதுநகரில் நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் வீட்டிலேயே நடந்தது. அப்பா தன் கூட்டாளிக்கு ஜாமீன் போட்டிருந்தார். கோர்ட் அமீனா வந்து ரேடியோவையும் சைக்கிளையும் மர பீரோவையும் எடுத்துப் போனார். பீரோவைக் காலி செய்ய நேரம் கொடுக்கவில்லை. என் பாவாடை சட்டையெல்லாம் தெருவில் கிடந்தது, எதிர்வீட்டுப் பையன்கள் பார்த்தார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் முடிந்து தெருவழியாக வருவதற்கே எனக்குக் கால் கூசும்.

அதை அனுபவித்தவள் இன்னொருவர் வீட்டுக்கு அதைச் செய்யலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். எப்படி வலிக்கும் என்று தெரிந்ததால்தான் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

5

காலை பத்தரை மணி. மோகன் தன் சிநேகிதரிடம் இரவல் வாங்கிய ஒரு டன் லோரியை ஓட்டினார். நடுவில் நான், ஓரத்தில் தர்ஷினி. "நான் எறங்க மாட்டேன் மா, ஷேம்லா," என்று வழியிலேயே சொல்லிவிட்டாள். கோர்ட் ஆள் தன் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். சாந்தமான மலாய்க்காரர், கையில் ஃபைல். மனதுக்குள் நான் அவரை அமீனா என்றே கூப்பிட்டேன்.

கேட்டைத் திறந்தது குணசீலனின் மனைவி. காகிதத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, உள்ள வாங்க, வெளிய நிக்காதீங்க," என்றாள், அக்கம்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே. நான் கேட்டை நன்றாகத் திறந்துவைத்துவிட்டு உள்ளே போனேன்.

அமீனா என்னைப் பார்த்து, எது வேண்டும் புவான், அதாவது அம்மா, என்று மலாயில் கேட்டார். பெரிய டிவியைக் காட்டினேன். அது தவணையில் வாங்கியது, இன்னும் கடைக்காரனுக்குச் சொந்தம் என்று அந்த அம்மா ரசீதைக் காட்டினாள். மசாஜ் நாற்காலியைக் காட்டினேன். எழுதிக்கொண்டார். சாமி அறைப் பக்கம் நான் திரும்பவில்லை. அப்புறம் மூலையில் அது நின்றது. இரண்டு ஸ்பீக்கர், ஒரு பெட்டி, சிவப்பு டேப் சுற்றிய மைக்.

அதற்குள் தலைவர் கைலியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். "சிஸ்டர், என்ன இது? உக்காருங்க, தண்ணி குடிங்க. பேசித் தீத்துக்கலாம். இதுக்குப் போயி லோரியா?"

"இந்த மைக் வேலை செய்யுதா அண்ணே?" என்றேன்.

"என்னது?"

"பிளக் போடுங்க. அன்னைக்கு மண்டபத்துல இதுலதான பேசினீங்க. இன்னைக்கும் பேசுங்க. சாம்பார் எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார், அமீனாவைப் பார்த்தார். அமீனா, சாமான் ஓடுகிறதா என்று நான் சோதிக்கச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, நல்லது என்பதுபோலத் தலையாட்டி ஃபைலைப் புரட்டினார். தலைவர் பிளக்கைச் சொருகினார். ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியது. எதிர்வீட்டில் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சீனக் கிழவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து வீட்டு இந்தோனேசியப் பணிப்பெண் துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தாள். சாப்பாடு டெலிவரி செய்ய வந்த மலாய்ப் பையன் மோட்டாரை நிறுத்தினான்.

"நிச்சயத்தன்னைக்கு," என்று ஆரம்பித்துத் தொண்டையைச் செருமினார். "நிச்சயத்தன்னைக்கு சாம்பார்ல ஒரு கொறையும் இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் அப்படிச் சொல்லிட்டேன்."

"ஏன் சொன்னீங்க?"

"அதையுமா சிஸ்டர்?"

"மைக்ல."

"பேலன்ஸ் குடுக்கக் கையில காசு இல்ல."

அவர் மனைவி விறுவிறென்று சமையலறைக்குள் போனாள். தெரு முழுக்கக் கேட்டது. எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை குளிர்ந்துபோனது. ஒரு வருஷமாக இந்த வார்த்தைக்காகத்தான் சோறு தின்றேன் என்று சொல்லலாம்.

அவர் மைக்கை அணைத்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிட்டேன்ல சிஸ்டர். லோரிய அனுப்பிச்சிடுங்க. மாசாமாசம் கொஞ்சமா குடுத்துடறேன்," என்றார்.

"சொன்னதுக்கு ரொம்ப நன்றி அண்ணே," என்றேன். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "ஏங்க, வாங்க, ஏத்துங்க," என்றேன்.

"சொன்னா விட்டுடறேன்னு..."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? மைக் வேலை செய்யுதான்னுதான கேட்டேன்."

மோகன் நாற்காலியை ஒரு பக்கம் தூக்க, தலைவர் வேறு வழியில்லாமல் மறுபக்கம் பிடித்துக் கொடுத்தார். ஸ்பீக்கர்களை நானே தூக்கினேன். அமீனா ஒவ்வொன்றிலும் கோர்ட் முத்திரைத் தாளை ஒட்டிவிட்டு என்னிடம் வந்து, இந்த ஆள் மைக்கில் என்ன சொன்னார் என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீனக் கிழவர், இந்தோனேசியப் பெண், டெலிவரிப் பையன், அமீனா. எங்கள் இரண்டு வீட்டாரைத் தவிர, அந்தத் தெருவில் இதைக் கேட்ட ஒருவருக்கும் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த மலாயில் நானே சொன்னேன், என் சாம்பார் செடாப் என்று சொன்னார் என்று. செடாப் என்றால் ருசி. அமீனா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, ஓ என்றார். தன்னுடைய சாம்பாரைத் தானே மெச்சிக்கொண்டவளாக நின்றேன்.

6

காராவோக்கே செட்டும் மசாஜ் நாற்காலியும் எங்கள் வீட்டு ஹாலில் பன்னிரண்டு நாள் கிடந்தன. முத்திரை ஒட்டியதைத் தொடக்கூடாது. மோகன் ஒவ்வொரு சாயந்தரமும் அந்த நாற்காலியைச் சுற்றி வந்து, "முதுகு வலிக்குது மரகதம்," என்பார். ஏலத்துக்கு இரண்டு நாள் முன்னால் தலைவர் மொத்தப் பணத்தையும் ஜப்திச் செலவோடு சேர்த்துக் கோர்ட்டில் கட்டிவிட்டார். மகனின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. சாமான்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளத் தானே வரவில்லை, ஆள் அனுப்பினார். அந்தக் கல்யாணத்துக்கு யார் சமைத்தார்கள், பணம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. வராமல் போயிருந்தால் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துவிட்டு, சமைத்தவளை நினைத்து உடனே அதை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் ஜப்தியன்று லோரியில் திரும்பி வரும்போதே தர்ஷினி ஒன்று கேட்டாள்.

"மா, ஆக்சுவலி அன்னைக்கு சாம்பார் ஓகேவா, இல்லையா?"

"அவனே சொன்னானே, கேக்கலையா?"

"அவன் அன்னைக்கு காசு குடுக்காம இருக்க ஒண்ணு சொன்னான். இன்னைக்கு செட்டக் காப்பாத்த ஒண்ணு சொன்னான். அவன் பேச்ச விடு. நீ டேஸ்ட் பண்ணியா?"

"சாமிக்கு வைக்காம எப்படிடி டேஸ்ட் பண்ணுவேன்?"

"அப்ப உனக்கே தெரியாது."

மோகன் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். நீதிபதியிடம் சொல்லாததை, மகளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் கடல் தாண்டி இருக்கிறீர்கள். நிச்சயதார்த்தத்தன்று எனக்கு ஜலதோஷம். கஷாயம் குடித்தது அதற்காகத்தான். மூக்கு பாதி அடைத்திருந்தது. பெருங்காய வாசனை வந்தது, முருங்கைக்காய் வாசனை வந்தது என்று சத்தியம் செய்வேன். ஆனால் ஒன்றரை மணி நேரம் வெக்கையில் மூடிக் கிடந்த டிரம்மில் லேசாகப் புளிப்பு தட்டியிருந்தால், அந்த மூக்கு அதைச் சொல்லியிருக்குமா? தெரியவில்லை. சாக்கடையில் போன சாம்பாரைக் கொண்டுவந்து கேட்கவும் முடியாது.

ஒன்று மட்டும் நிச்சயம். அந்த ஆளும் அதை ருசி பார்க்கவில்லை. முதல் பந்தியில் அவர் உட்காரவே இல்லை, வாசலில் ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். ஊசியிருந்தாலும் சரி, ஊசாவிட்டாலும் சரி, அவர் அதைத்தான் சொல்லியிருப்பார். அதனால் அவரை மன்னிக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அவர்கள் கேட்டதெல்லாம் கொண்டுபோவேன். கேட்காத சாம்பாரும் ஒரு வாளி கொண்டுபோவேன், காசு வேண்டாம் என்று சொல்லி முதல் இலையில் நானே ஊற்றுவேன். இப்போதெல்லாம் என் சமையல் மாறிவிட்டது. வேனில் ஏற்றும் முன் ஒரு முறை, இறக்கிய பின் ஒரு முறை, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிறேன். சாமிக்கு முன்னால் நான் சாப்பிடுகிறேன். இருபத்திரண்டு வருஷம் காப்பாற்றிய வழக்கத்தை அந்த ஆள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான், அதைத் திரும்பக் கேட்க அந்தக் கவுண்டரில் பாரம் இல்லை. ஒவ்வொரு முறையும் கண்ணை மூடி, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, குணசீலனைப் பேர் சொல்லித் திட்டிவிட்டுத்தான் விழுங்குகிறேன். சாம்பார் நன்றாகத்தான் இருக்கிறது.